'கொண்டிருக்கிறேன்' என்றால் எப்போதும் 'இங்' தானா?

வேலைக்கு விண்ணப்பித்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்த மூத்த அலுவலர் ஒருவர், அதிலிருந்த மூன்று வாக்கியங்களைச் சிவப்பு மையால் சுழித்து, "இங்கே எதற்கு இங்?" என்று எழுதியனுப்பியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை, "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்", "ஐ ஆம் ஹேவிங் குட் நாலெட்ஜ் ஆஃப் அக்கவுன்ட்ஸ்", "மை டீம் இஸ் ஃபைலிங் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்ஸ் எவ்ரி மன்த்" என்பன. இந்த அச்சத்தில் கடிதத்தின் கடைசி வரியை "ஐ வெயிட் ஃபார் யுவர் ரிப்ளை" என்று மாற்றினீர்கள். அதையும் அவர் சுழித்துவிட்டார். 'செய்கிறேன்' என்றால் சிம்பிள் பிரசன்ட், 'செய்துகொண்டிருக்கிறேன்' என்றால் பிரசன்ட் கன்டினியூவஸ் என்றுதானே பள்ளியில் படித்தோம், பிறகு எங்கே தவறுகிறது, இந்தக் காலத்தை எப்படி அமைப்பது, எங்கே பயன்படுத்துவது என்பது உங்கள் கேள்வி.

தவறு உங்களிடம் இல்லை. அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு தொடக்கமாக அது உதவும், அதற்கு மேல் தடையாகிவிடும். தமிழ் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அடுக்களையில் நிற்கும் அம்மாவிடம் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "சமைக்கிறேன்" என்றுதான் பெரும்பாலும் விடை வரும். இந்த நொடியில் நடக்கும் செயலை நாம் சாதாரண நிகழ்காலத்தாலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் "ஐ ஆம் குக்கிங்" என்பதைத் தவிர வேறு வழியில்லை. மாறாக, வழக்கமான செயலுக்கும் பொது உண்மைக்கும் தமிழ் பல வேளைகளில் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. "அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுவார்", "பசு புல் தின்னும்" என்கிறோம். ஆங்கிலத்தில் இவை சிம்பிள் பிரசன்ட். "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்பதில் வருவதும் 'கிறேன்' தான், ஆனால் அதன் ஆங்கிலம் "ஐ ஆம் கோயிங் ஹோம் டுமாரோ". ஆக, 'கிறேன்' என்பதற்கு நேரே சிம்பிள் பிரசன்ட் என்று எழுதிவைத்த அந்த அட்டவணை இந்த மூன்று இடங்களிலும் பொய்த்துப்போகிறது.

இதற்குக் காரணம் உண்டு. நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலைகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று வழக்கமான செயலுக்கு, மற்றொன்று நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு என்ற பாகுபாடு அங்கே இல்லை. 'கொண்டிரு' என்பது கொள், இரு என்னும் துணைவினைகள் சேர்ந்து, செயலின் நீட்சியை அழுத்திச் சொல்ல வேண்டியபோது வந்து நிற்பது. அதாவது தமிழில் அது நம் விருப்பத்துக்கு உட்பட்டது, ஆங்கிலத்திலோ கட்டாயம். ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது ஒரு சுவையான செய்தி. ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டில் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், கையில் நூலோடு வரும் இளவரசன் ஹாம்லெட்டைப் பார்த்து அரசவை ஆலோசகர் பொலோனியஸ் "வாட் டூ யூ ரீட், மை லார்ட்?" என்று கேட்கிறார். நம்முடைய "என்ன படிக்கிறீர்கள்?" என்பதைப் போன்ற வாக்கியம் அது, இன்றைய ஆங்கிலத்தில் அதே கேள்வி "வாட் ஆர் யூ ரீடிங்?" என்றுதான் வர வேண்டும். அந்த நாடகத்துக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலம் இந்த இரண்டு வடிவங்களுக்கும் கறாராக வேலைப்பிரிவினை செய்துகொண்டது.

அந்த வேலைப்பிரிவினையை ஒரே வரியில் சொல்வதானால், நிலையானது என்று கருதிப் பேசுவதைச் சிம்பிள் பிரசன்ட் சுமக்கிறது. தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை, ஆனால் முடியப்போவது என்று கருதிப் பேசுவதைப் பிரசன்ட் கன்டினியூவஸ் சுமக்கிறது. செயல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைவிட, பேசுபவர் அதைத் தற்காலிகமாகப் பார்க்கிறாரா என்பதே இங்கு முக்கியம். "ஐ லிவ் இன் மதுரை" என்பவர் மதுரைக்காரர், அல்லது அங்கேயே நிலைகொண்டவர். "ஐ ஆம் லிவிங் இன் மதுரை" என்பவர் மாற்றலாகி வந்தவராகவோ சில மாதங்களில் கிளம்பவிருப்பவராகவோ இருப்பார். "ஐ கம் ஃப்ரம் திருநெல்வேலி" என்றால் அது சொந்த ஊர். "ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருநெல்வேலி" என்றால் இப்போது அந்த ஊரிலிருந்து பயணம் செய்து வருகிறார், அவ்வளவே. நேர்முகத் தேர்வில் சொந்த ஊரைக் கேட்கும்போது பலர் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

அமைக்கும் முறை எளியது. எழுவாய்க்குப் பின் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்பவற்றுள் பொருந்துவது ஒன்று, அதன்பின் 'இங்' சேர்த்த வினை. 'ஐ' என்பதற்கு 'ஆம்'. 'ஹீ', 'ஷீ', 'இட்' மற்றும் ஒருமைப் பெயர்களுக்கு 'இஸ்'. 'வீ', 'யூ', 'தே' மற்றும் பன்மைப் பெயர்களுக்கு 'ஆர்'. இந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்தே ஒரு வினை; ஒன்று விடுபட்டாலும் வாக்கியம் நொண்டும். "அவர் ஆசிரியர்" என்று வினையே இல்லாமல் வாக்கியம் அமைத்துப் பழகிய நமக்கு 'இஸ்' தேவையற்ற ஒன்றாகத் தோன்றுவதால், பேச்சில் "ஹீ கமிங்", "தே வெயிட்டிங்" என்று அது உதிர்ந்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில், 'ஆம்' என்பதை 'நான்' என்பதன் ஒரு பகுதியாகவே மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் "ஐ ஆம் கோ", "ஐ ஆம் அக்ரீ" என்கிறார்கள். ஒரே எழுவாய் இரண்டு செயல்களைச் செய்தால் துணைவினையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "ஷீ இஸ் சிட்டிங் அண்ட் ரீடிங்" என்பது போதும்.

எதிர்மறைக்குத் துணைவினையை அடுத்து 'நாட்' சேர்க்க வேண்டும்: "ஹீ இஸ் நாட் கமிங்". பேச்சில் இது 'இஸன்ட்', 'ஆரன்ட்' என்று சுருங்கும். 'ஆம் நாட்' என்பதற்குப் பொது ஆங்கிலத்தில் இப்படியொரு சுருக்கம் இல்லாததால் "ஐம் நாட்" என்று முன்பக்கத்தைச் சுருக்குகிறார்கள். வினாவுக்கு எழுவாயும் துணைவினையும் இடம் மாறும்: "ஆர் யூ லிஸனிங்?", "வாட் இஸ் ஷீ டூயிங்?". தமிழில் வினாச்சொல் வந்தாலும் மற்றச் சொற்கள் அசையாமல் அதனதன் இடத்தில் நிற்பதால், "வாட் யூ ஆர் டூயிங்?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. வியப்பு என்னவென்றால், இதே சொல்வரிசை வேறோர் இடத்தில் சரியானது. "டெல் மீ வாட் யூ ஆர் டூயிங்" என்று ஒரு வாக்கியத்துக்குள் கேள்வி அடங்கி வரும்போது இடமாற்றம் கூடாது. குறுவிடைகளில் இன்னொரு சிறு நுணுக்கம்: "யெஸ், ஐ ஆம்" என்று முழுமையாகச் சொல்ல வேண்டும், "யெஸ், ஐம்" என்று சுருக்கி அங்கேயே நிறுத்தக் கூடாது.

எழுத்துக்கூட்டலை நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கடிதம் எழுதுபவருக்கு அது வேண்டும். ஒலிக்காத 'இ' என்னும் எழுத்தில் முடியும் வினைகள் அதை இழந்துவிடும். 'மேக்', 'ரைட்', 'ஃபைல்' ஆகியவை 'இங்' ஏற்கும்போது இறுதி 'இ' இருக்காது. 'சீ', 'அக்ரீ' போல இரட்டை 'இ' வந்தால் இரண்டும் நிற்கும். ஓரசைச் சொல் ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடிந்தால் அந்த மெய் இரட்டிக்கும். 'ரன்' என்பதில் இரண்டு 'என்', 'சிட்' என்பதில் இரண்டு 'டி'. 'டபிள்யூ', 'எக்ஸ்', 'ஒய்' ஆகிய மூன்றும் இரட்டிப்பதில்லை. ஈரசைச் சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் இரட்டிப்பு உண்டு, எனவே 'பிகின்' இரட்டிக்கும், 'ஓப்பன்' இரட்டிக்காது. 'டிராவல்' போல 'எல்' எழுத்தில் முடியும் சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் இல்லாவிட்டாலும் பிரிட்டிஷார் இரண்டு 'எல்' எழுதுவார்கள், அமெரிக்கர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். 'லை', 'டை' போல 'ஐ-இ' என்று முடிபவை அந்த இரண்டு எழுத்துகளையும் விட்டு 'ஒய்' ஏற்கும். சாயமேற்றுதலைக் குறிக்கும் 'டை' 'ஒய்-இ' என்று முடிவது, அது தன் 'இ'யை விடாது. அதை விட்டுவிட்டால் செத்துக்கொண்டிருத்தல் என்று பொருள் மாறிவிடும். சாயப்பட்டறைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர் கவனிக்க வேண்டிய எழுத்து அது.

இனிப் பயன்பாட்டுக்கு வருவோம். இந்தக் கணத்தில் நடக்கும் செயல் என்பது எல்லாருக்கும் தெரிந்த முதல் பயன்பாடு. இந்தக் கணத்தில் நடக்காமலே இக்காலப் பகுதியில் நடந்துவரும் செயலுக்கும் இதே வடிவம்தான். தேநீர்க் கடையில் நின்றுகொண்டு "ஐ ஆம் ரைட்டிங் மை தீசிஸ்" என்று ஓர் ஆய்வு மாணவர் சொல்வதில் தவறில்லை. ஆய்வேடு தொடங்கிவிட்டது, முடியவில்லை. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்பு விண்ணப்பத்தின் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற வரியும் இவ்வகையில் சரியானதே, காய்ச்சல் நிலையானதல்ல என்பதால். உங்கள் மூன்றாவது வாக்கியம் இங்குதான் பிழையாகிறது. மாதந்தோறும் வரித்தாக்கல் செய்வது உங்கள் குழுவின் நிலையான பணி; 'எவ்ரி மன்த்' என்ற சொற்களே அதைச் சொல்லிவிடுகின்றன. எனவே "மை டீம் ஃபைல்ஸ்" என்று வர வேண்டும். ஒருவர் விடுப்பில் இருப்பதால் இந்த மாதம் மட்டும் நீங்கள் அவருடைய பணியைப் பார்க்கிறீர்கள் என்றால், அப்போது "திஸ் மன்த் ஐ ஆம் ஃபைலிங் த ரிட்டர்ன்ஸ்" என்பது சரி.

படிப்படியான மாற்றத்தையும் இந்தக் காலம் சொல்லும்: "இட் இஸ் கெட்டிங் டார்க்", "பிரைசஸ் ஆர் ரைசிங்". ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்ட எதிர்காலச் செயலையும் சொல்லும்: "வீ ஆர் மீட்டிங் த ஆடிட்டர் ஆன் ஃப்ரைடே". இதில் நாள் குறித்தாயிற்று, மறுபக்கத்துக்கும் தெரியும் என்ற உறுதி தொக்கி நிற்கிறது. மனிதர் ஏற்பாடு செய்ய முடியாதவற்றுக்கு இந்த வடிவம் ஒவ்வாது. வானத்தோடு யாரும் நாள் குறித்துக்கொள்வதில்லை என்பதால் "இட் இஸ் ரெயினிங் டுமாரோ" என்று சொல்ல இயலாது, "இட் இஸ் கோயிங் டு ரெயின்" என்றோ "இட் வில் ரெயின்" என்றோதான் சொல்ல வேண்டும். ரயில், பேருந்து போன்றவற்றின் கால அட்டவணைகளுக்கு மாறாகச் சிம்பிள் பிரசன்ட் பொருந்தும், "ஐ ஆம் லீவிங் டுநைட், த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன்" என்று ஒரே மூச்சில் இரண்டு வடிவங்களும் வருவது இயல்பு. வழியில் வந்துகொண்டிருப்பவர் சொல்லும் "வந்துகொண்டிருக்கிறேன்", உள்ளறையிலிருந்து எழாமலே சொல்லும் "இதோ வந்துவிட்டேன்" ஆகிய இரண்டுக்குமே ஆங்கிலம் "ஐ ஆம் கமிங்" தான். வராதவர் இறந்தகாலத்தில் வாக்குக் கொடுக்கும் துணிச்சல் ஆங்கிலத்துக்கு இல்லை.

வழக்கமான செயலுக்குச் சிம்பிள் பிரசன்ட் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. 'ஆல்வேஸ்' என்ற சொல்லோடு கன்டினியூவஸ் வந்தால் பெரும்பாலும் சலிப்பு வெளிப்படும். "ஹீ இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்" என்பதை "எப்போது பார்த்தாலும் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறான்" என்று பெயர்க்கலாம். நம் 'கொண்டே இரு' என்பதிலும் அதே எரிச்சல் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு மொழிகளும் மனமொத்துப் போகும் அரிய இடம் இது. "யூ ஆர் ரூட்" என்பது ஒருவரின் குணத்தைச் சொல்வது, "யூ ஆர் பீயிங் ரூட்" என்பது இப்போதைய நடத்தையை மட்டும் சொல்வது. சண்டையில் இரண்டாவதைச் சொன்னவரோடு மறுநாள் சமாதானம் ஆகலாம்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை அது. செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'பிலீவ்', 'வான்ட்', 'நீட்', 'லைக்', 'ஓன்', 'பிலாங்' ஆகியவை அத்தகையவை. இதைத் தமிழ்க்காதால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது", "எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது", "அந்த வீடு எனக்குச் சொந்தமாகிக்கொண்டிருக்கிறது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். இல்லாத பொருளோ வேறு பொருளோதான் கிடைக்கும். தமிழில் 'எனக்கு' என்று தொடங்கித் தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் என்று முடிபவை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. 'ஹேவ்' என்பது உடைமையைக் குறிக்கும்போது இதே கூட்டத்தில்தான் இருக்கிறது: "ஐ ஹேவ் குட் நாலெட்ஜ்", "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்". உண்ணுதல், குளித்தல், கூட்டம் நடத்துதல் என்று அது ஒரு செயலாக மாறும்போது "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரியாகிவிடும். இப்படி இரண்டு வேடம் போடுபவை வேறு சிலவும் உண்டு. கருதுகிறேன் என்றால் "ஐ திங்க்", யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் "ஐ ஆம் திங்கிங்". "த சாம்பார் டேஸ்ட்ஸ் சால்ட்டி" என்பதில் சாம்பார் எதையும் செய்யவில்லை, உப்புக்கரிப்பது அதன் நிலை. "ஷீ இஸ் டேஸ்டிங் த சாம்பார்" என்பதில் ஒருவர் கரண்டியோடு நின்று ருசி பார்க்கிறார். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் "ஐம் லவின் இட்" என்று விளம்பரம் செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இலக்கணம் எதிர்பார்க்கும் 'ஐ லவ்' என்பதை விட்டு விலகியதால்தான் அது காதில் நிற்கிறது. இந்தத் தின்பண்டத்தை இந்தக் கணத்தில் அனுபவிக்கிறேன் என்ற பொருளை அது தருகிறது. பேச்சில் அப்படிச் சொல்பவர்கள் ஏராளம், ஆயினும் விண்ணப்பக் கடிதம் அதற்கான இடமல்ல.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்று, பாடநூல்கள் அதிகம் கண்டுகொள்ளாதது. தமிழில் 'கொண்டிரு' இல்லாமல் வெறும் 'இரு' சேர்த்துச் சொல்லும் சில நிலைகளுக்கு ஆங்கிலம் கன்டினியூவஸைக் கேட்கிறது. "அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்" என்பது "ஹீ இஸ் சிட்டிங் ஆன் த சேர்". "நீலப்புடவை உடுத்தியிருக்கிறார்" என்பது "ஷீ இஸ் வேரிங் எ ப்ளூ சாரி". படுத்திருக்கிறார், காத்திருக்கிறார், கையில் ஒரு பையைப் பிடித்திருக்கிறார் எல்லாமே இவ்வாறுதான். தமிழில் 'உடுத்தியிருக்கிறார்' என்பது, உடுத்தும் செயல் முடிந்து அதன் விளைவு தங்கியிருப்பதைச் சொல்கிறது. ஆங்கிலமோ உடையோடு இருக்கும் நேரம் முழுவதையும் 'வேரிங்' என்ற ஒரே தொடர்செயலாகப் பார்க்கிறது. இதை அறியாதவர்கள் 'இருக்கிறார்' என்பதைக் கண்டதும் 'ஹேஸ்' என்று தொடங்கி, "ஷீ ஹேஸ் வோர்ன்" என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் முதல் வாக்கியத்தில் பிழைகள் இரண்டு. "நான்கு ஆண்டுகளாக இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்ற தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருக்கிறீர்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு காலமாக நடக்கிறது என்ற செய்தி வாக்கியத்தில் நுழைந்த உடனே, பிரசன்ட் கன்டினியூவஸ் அந்த இடத்தைப் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸுக்கு விட்டுக்கொடுத்துவிடும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர்". இரண்டாவது, கால அளவுக்கு 'ஃபார்', தொடக்கப் புள்ளிக்கு 'சின்ஸ்'. நான்கு ஆண்டுகள் என்பது அளவு, 2021 என்பது புள்ளி. ஆகவே "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்", அல்லது "சின்ஸ் 2021". கால அளவைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்வதானால் "ஐ ஒர்க் அட்" என்று தொடங்குவதே தன்விவரக் குறிப்புக்கு ஏற்றது. 'பணிபுரிந்து வருகிறேன்' என்று தமிழில் மரியாதையாக எழுதிப் பழகிய கை 'ஆம் ஒர்க்கிங்' என்று எழுதத் துடிக்கும். அப்படி எழுதினால் படிப்பவர், ஒப்பந்தப் பணியோ என்று ஐயுறக்கூடும்.

நிகழ்ந்துகொண்டிருந்தாலும் 'இங்' ஏற்காத சில இடங்களும் உண்டு. சொல்வதே செயலாக அமையும் வாக்கியங்களில், அதாவது "ஐ ப்ராமிஸ்", "ஐ அபாலஜைஸ்", "ஐ அக்ரீ" என்னும்போது, சொல்லி முடித்த கணமே செயலும் முடிந்துவிடுவதால் சிம்பிள் பிரசன்ட் வருகிறது. கிரிக்கெட் வர்ணனையில் "ஹீ பௌல்ஸ், ஹீ ஹிட்ஸ்" என்று கேட்பதும் இதனால்தான். பந்து வீசப்படுவதற்கும் அடிக்கப்படுவதற்கும் இடையில் நீட்டிப் பேச நேரமில்லை. இடைவேளையில் அதே வர்ணனையாளர் "த ப்ளேயர்ஸ் ஆர் டிரிங்கிங் வாட்டர்" என்று மாறிவிடுவார்.

இனி உங்கள் கடைசி வரி. காத்திருத்தல் என்பது பதில் வந்ததும் முடிந்துபோவது, எனவே "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை" என்பது இலக்கணப்படி சரி. "ஐ வெயிட்" என்று எழுதினால் காத்திருப்பதே உங்கள் வழக்கமான தொழில் என்றாகிவிடும். ஆனால் வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் "காத்துக்கொண்டிருக்கிறேன்" என்பது சற்று நெருக்குவதாக ஒலிக்கும். அங்கே வழங்குவது "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ". "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்" என்றும் எழுதலாம், இரண்டும் சரி. முன்னது முறைசார்ந்தது, பின்னது அறிமுகமானவருக்கு எழுதுவது போன்ற நெருக்கம் உடையது. அவ்வரியில் வரும் 'ஹியரிங்' என்பதைப் பார்த்து இன்னொரு 'இங்' வந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். அதற்கு முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' எதுவும் இல்லை; அது காலம் காட்டும் வினையே அல்ல, 'கேட்டல்' என்பது போன்ற தொழிற்பெயர். அதை வெட்டி "டு ஹியர்" என்று எழுதினால்தான் உங்கள் அலுவலர் மறுபடியும் சிவப்பு மையை எடுப்பார்.